சேதுராமன் வாய் திறக்காத போகி

சேதுராமனுக்கு யுத்தம் என்றால் உயிர். யுத்தத்துக்குத்தான் அவரைப் பிடிக்கவில்லை. இருபது வயதில் பட்டாளத்தில் சேரப் போனவரை, தட்டைப் பாதம் என்று சொல்லி வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரி, போகட்டும் என்று விட்டாரா மனிதர்? உலகத்தில் யார் யாரோடு எங்கே எதற்குச் சண்டை போட்டார்கள் என்று புத்தகம் புத்தகமாக வாங்கிப் படித்தார். திருவாரூரில் வங்கிக் கணக்குப் பார்த்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அதைப் பற்றியே பேசினார். அவர் வாயைத் திறந்தாலே கேட்பவர்களுக்கெல்லாம் அவசர வேலை வந்துவிடும். எழுந்து போக வழியில்லாத ஒரே ஆள் அவர் மனைவி சாரதாம்பாள்தான்.

பாவம், அந்த அம்மாள்! கல்யாணமான புதிதில் ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று அவர் அழைத்துப் போனது செஞ்சிக் கோட்டைக்கு. பழனிக்கு என்று கிளம்பினால் வழியில் திண்டுக்கல் கோட்டை. அதைப் பார்த்துவிட்டுப் போய்ச் சேர்வதற்குள் முருகனுக்கு நடை சாத்திவிட்டார்கள். எந்தக் கோட்டையானாலும் ஏறும்போது பீரங்கிப் பேச்சு, இறங்கும்போது “ஐயோ கால் வலிக்குதே” என்று புலம்பல். தட்டைப் பாதத்தை வைத்துக்கொண்டு மலை ஏறினால் வலிக்காமல் என்ன செய்யும்? ராத்திரி விளக்கெண்ணெய் போட்டு நீவி விடுவதும் சாரதாம்பாள்தான்.

அப்பேர்ப்பட்டவர் மலாக்காவில் வந்து இறங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். சாரதாம்பாளின் தம்பி கருணாகரன் அங்கே ஊருக்கு வெளியே செமாபோக்கில் வீடு கட்டிக் குடிபுகுந்திருந்தான். மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்து ஐந்தாவது மாதம். புது வீடு, புது நாடு இரண்டையும் அக்கா வந்து பார்த்தே தீர வேண்டும் என்று கப்பல் டிக்கெட் வாங்கி அனுப்பினான். போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒருவர்பின் ஒருவராகப் பிடித்து ஆண்ட ஊர் அது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியதிலிருந்து சேதுராமன் அதையே பேசிக்கொண்டு வந்தார். நடுக்கடலில் அவர் வாந்தி எடுத்த நேரம் மட்டும்தான் சாரதாம்பாளுக்கு ஓய்வு.

போகியன்று காலையில், பசியாறிக்கொண்டிருக்கும்போதே அவள் சொல்லிவிட்டாள்.

“இன்னைக்கு ஒரு நாள், விளக்கு வைக்கிற வரைக்கும், உங்க வாயிலேர்ந்து கோட்டை, பீரங்கி, கேப்டன், கர்னல் ஒண்ணும் வரக் கூடாது. இது என் நாள். நான் கடை கடையா ஏறி இறங்கப் போறேன். நீங்க பையைத் தூக்கிட்டு வந்தா போதும்.”

“வந்துட்டா?”

“வந்துட்டா, ஊருக்குப் போனதும் உங்க புஸ்தக அலமாரி பரண்ல ஏறும். அந்த ஜன்னல் பக்கம் என் தையல் மெஷின் வரும்.”

சேதுராமனுக்குச் சுரீர் என்றது. அந்த வீட்டில் நல்ல வெளிச்சம் வரும் ஜன்னல் ஒன்றே ஒன்றுதான். அதை அடைத்துக்கொண்டு அவருடைய அலமாரி நின்றது. தையல் மெஷின் சமையலறைப் பக்கம், புகை படிந்த மூலையில் கிடந்தது. ஊசியில் நூல் கோக்க சாரதாம்பாள் கொல்லைப்புறம் போய் நின்று கோத்துக்கொண்டு வருவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் அலமாரி பரணில் ஏறுவதா? அத்தனை புத்தகங்களையும் கரையான் தின்பதா?

“வரலைன்னா?” என்று கேட்டார்.

“வரலைன்னா நாளைக்குக் காலையில உங்களோட கோட்டைக்கு வரேன். எவ்வளவு நேரம் பேசினாலும் கொட்டாவி விடாம கேக்கறேன்.”

கருணாகரன் தோசையை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தான். “அத்தான், வேணாம் அத்தான். தூக்கத்துலயே படை நடத்துற ஆளு நீங்க. பந்தயம் கட்டாதீங்க.”

மச்சான் அப்படிச் சொன்ன பிறகு பின்வாங்க முடியுமா? மானப் பிரச்சினை. “கட்டியாச்சு!” என்றார் சேதுராமன். பேசினால்தானே ஆபத்து, பேசவே வேண்டாம் என்று அந்த நிமிஷமே உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். ‘ம்’ மட்டும் கைவசம் வைத்துக்கொண்டார்.

கருணாகரன் வரச்சொல்லியிருந்த டிரைஷாக்காரர் மருதமுத்து வாசலில் மணி அடித்தார். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, டவுனுக்கு வந்து வண்டி மிதிப்பவர். நல்ல மனிதர். ஒரே குறை, அவருக்கும் வாய் ஓயாது. சைக்கிளை ஒட்டியிருந்த இருக்கையில் புருஷனும் பெண்டாட்டியும் நெருக்கி உட்கார்ந்ததும் ஊரைக் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

“ஐயா, அங்க பாருங்க. பழைய கோட்டை வாசல். நம்ம மலாக்காவுக்கே அதாலதான் பேரு.”

சேதுராமன் கண்ணை மூடிக்கொண்டார். மூடினால் மட்டும் தெரியாமல் போய்விடுமா? படத்தில் பார்த்துப் பார்த்து மனப்பாடமான வாசல்.

“ஜப்பான்காரன் கட்டுனதுன்னு சொல்றாங்க லா” என்றார் மருதமுத்து.

சேதுராமனின் கண் பட்டென்று திறந்தது. ஜப்பான்காரனா? நானூறு வருஷத்துக்கு மேலான போர்த்துகீசியர் கோட்டை, அதில் மிஞ்சியிருக்கும் ஒரே ஒரு வாசல், அதை நேற்று வந்துபோன ஜப்பான்காரன் கட்டினானா? முகம் சிவந்தது. மீசை துடித்தது. தொண்டை வரைக்கும் வந்ததை எச்சிலோடு சேர்த்து விழுங்கினார்.

“அப்படிங்களா? ஜப்பான்காரங்களா கட்டினாங்க? நல்லா கட்டியிருக்காங்களே!” என்றாள் சாரதாம்பாள், புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டு. குறும்புக்காரி!

“ம்” என்றார் சேதுராமன்.

ஜோங்கர் தெருவில் கடைகள் வரிசையாக இருந்தன. சுதந்திரத்துக்குக் கட்டிய காகிதக் கொடிகள் மழையில் சாயம் போய் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. சாரதாம்பாள், கைலிபோல இடுப்பில் கட்டும் ஒரு பாத்தேக் சாரோங்கை விரித்து, “இந்தக் கலர் எனக்கு எடுக்குமா?” என்று கேட்டாள். “ம்.” இன்னொன்றை விரித்து, “இல்லே, இது?” என்றாள். “ம்.” பணியாரம் செய்கிற பித்தளை அச்சு ஒன்றை எடுத்து, “இது கனமா இருக்கே, கப்பல்ல தூக்கிட்டுப் போக முடியுமா?” என்றாள். அதற்கும் “ம்.” சேதுராமன் உடம்புதான் கடையில் இருந்தது. மனசு டச்சுக்காரர்களோடு கடற்கரையில் இறங்கிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கமாக வந்தார்கள்? பீரங்கியை எதில் ஏற்றி இழுத்தார்கள்? ஊருக்கு வடக்கே தெங்கேராப் பக்கம் அன்றைக்கு எப்படி இருந்திருக்கும்? நாக்கு சும்மா இருந்ததற்கும் சேர்த்து மூளை வேலை செய்தது.

நடுவில் ஏதோ ஒரு கடையில், தவுக்கே என்று எல்லோரும் கூப்பிட்ட சீன முதலாளி ஒருவர் அவரை முக்காலியில் உட்காரவைத்தார். யாரோ காலைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினார். சாரதாம்பாளும் மருதமுத்துவும் தவுக்கேயும் மாறி மாறி என்னவோ பேசினார்கள். யாரோ எழுந்து நடக்கச் சொன்னார்கள், நடந்தார். அப்போது அவர் மனசுக்குள் டச்சுப் படை மூன்றாவது வரிசையை நிறுத்திக்கொண்டிருந்தது. நடுவில் நிறுத்த முடியுமா? “நல்லா இருக்கா?” என்று சாரதாம்பாள் கேட்டாள். “ம்.”

மத்தியானத்துக்குமேல் ஆனது. சாப்பாட்டுக் கடை தேடலாம் என்றால் சாரதாம்பாளுக்கு ஷாப்பிங்கில் பசியே தெரியவில்லை. ஆளுக்கு ஒரு கிண்ணம் தேங்காய்ப்பால் ஊற்றிய செண்டோல் குடித்தார்கள், அவ்வளவுதான். சேதுராமனுக்கு வயிறு கடமுடா என்றது. ஆனால் ஒரு ஆச்சரியம், அவ்வளவு நடந்தும் அன்றைக்குக் கால் வலிக்கவில்லை. மலாக்கா மண்ணின் விசேஷம்போல என்று நினைத்துக்கொண்டார்.

“இன்னும் ஒரே ஒரு இடம்தான்” என்றாள் சாரதாம்பாள். “இங்க பொம்பளைங்க போடற கெபாயா சட்டையில, ஓரத்துல லேஸ் மாதிரி தச்சிருக்காங்களே, அது எப்படின்னு பார்க்கணும். மருதமுத்து அண்ணே, யாராவது தைக்கிறவங்க இருக்காங்களா?”

“காஜா பெராங் பக்கம் போவோம்மா. அங்க கம்போங் செட்டின்னு ஒரு குடியிருப்பு, அதுல சிவகாமியம்மான்னு ஒருத்தவங்க. கையி அவ்வளவு சுத்தம். ஆனா தமிழ் பேச மாட்டாங்க. மலாய்தான். பேரு, சாமி எல்லாம் நம்மளது, பேச்சு மட்டும் வேற. நான் சொல்லிக்கிறேன், கவலைப்படாதீங்க.”

கம்போங் செட்டியில் சிவகாமியம்மாள் வீட்டு முற்றத்தில் குடும்பமே சத்தம் போடாமல் நின்றுகொண்டிருந்தது. முன்கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து சாம்பிராணிப் புகை வந்தது. சிவகாமியம்மாளின் கணவர் விநாயகம், சாரோங் கட்டிய பெரியவர், வந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக் கையைக் காட்டினார். கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம். தையல் என்றதும் சிவகாமியம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சாரதாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டு, பின்கட்டில் இருந்த தன் தையல் மெஷினைக் காட்ட அழைத்துப் போனாள். ஊசி விஷயமாகவோ நூல் விஷயமாகவோ மொழிபெயர்க்க மருதமுத்துவும் பின்னாலேயே போனார். விநாயகமும் மற்றவர்களும் கிணற்றுப் பக்கம் போய் நின்று மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சேதுராமன் மட்டும் வாசலில் நின்றார். சும்மா நிற்கிறவர்தானா? கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார்.

அங்கே கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்திருந்தது ஒரு உருண்டை. தேங்காயைவிடச் சின்னது. கன்னங்கரேல் என்று, துருப் பிடித்துச் சொரசொரவென்று இருந்தது.

அவருக்கு மூச்சே நின்றுவிட்டது. பீரங்கிக் குண்டு! புத்தகத்தில் படம் படமாகப் பார்த்தது, அச்சு அசல், கைக்கெட்டும் தூரத்தில்! செருப்பைக் கழற்றி உதறிவிட்டு, இந்த உலகத்தில் வேறு எதுவுமே இல்லை என்பதுபோல உள்ளே போனார்.

குண்டைத் தொட்டார், தடவினார். முகர்ந்துகூடப் பார்த்தார். டச்சுக்காரன் குண்டு, சந்தேகமே இல்லை என்று தீர்மானித்துக்கொண்டார். இன்னும் வசதியாகப் பார்க்கலாம் என்று பக்கத்தில் விரித்திருந்த பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்த பிறகுதான் எதிரே இருந்ததைப் பார்த்தார். வாழை இலை. ஒன்றல்ல, வரிசையாக இலைகள். சோறு, மீன் குழம்பு, கோழி, சம்பல், ஐந்தாறு வகைப் பலகாரம். குத்துவிளக்கு எரிந்தது. செம்பில் தண்ணீர் இருந்தது. அறையில் ஒரு ஆள் இல்லை.

இலை போட்டு, பரிமாறி, தண்ணீரும் வைத்துவிட்டு, வெளியூர்க்காரர் கூச்சப்படக் கூடாதென்று ஒதுங்கியும் நிற்கிறார்களே! இதுவல்லவோ உபசாரம்! போகியும் அதுவுமாக, விருந்தாளி இலையில் உட்கார்ந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தால் அந்த வீட்டுக்கே அவமரியாதை. நம்மூர்க்காரர் எவரும் அப்படித்தான் நினைப்பார். பசித்த வயிறு வேறு அதற்கு ஒத்து ஊதியது. இலையைச் சுற்றித் தண்ணீர் தெளித்துவிட்டுப் பிசைய ஆரம்பித்தார். இலை ஓரத்தில் ஒரு சுருட்டுகூட வைத்திருந்தார்கள். அடடா, என்ன ஒரு கவனிப்பு என்று அதை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார்.

இரண்டாவது கோழித் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தபோது கதவு முழுசாகத் திறந்தது.

வாசலில் விநாயகம் நின்றார். அவர் பின்னால் குடும்பம். அதன் பின்னால் சாரதாம்பாளும் மருதமுத்துவும் சிவகாமியம்மாளும். சிவகாமியம்மாள் “ஆயோ!” என்று அலறி வாயைப் பொத்திக்கொண்டாள். சேதுராமன் வாய் நிறையச் சோற்றோடு திருதிருவென்று விழித்தார்.

“ஐயையோ, ஐயா!” மருதமுத்து தலையில் கைவைத்தார். “அது செத்துப்போன பெரியவங்களுக்குப் படைச்சது ஐயா! இங்க போகிக்கு அதான் வழக்கம். அவங்க வந்து சாப்பிடட்டும்னுதான் எல்லாரும் வெளிய நிக்கிறாங்க. நீங்க உட்கார்ந்திருக்கிறது இவரோட கொள்ளுத்தாத்தா இலை!”

சேதுராமன் இலையைவிட்டுக் கையை எடுத்தார். சோற்றை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. சாரதாம்பாளுக்கு அவமானத்தில் கண்ணே கலங்கிவிட்டது. “மன்னிச்சுக்கச் சொல்லுங்கண்ணே. இந்த மனுஷனைத் தனியா விட்டது என் தப்பு” என்றாள்.

விநாயகம் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த கொள்ளுத்தாத்தாவின் படத்தைப் பார்த்தார். முறுக்கு மீசை. சேதுராமனைப் பார்த்தார். முறுக்கு மீசை, காதில் சுருட்டு. மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். குடும்பமே சிரித்தது. சிவகாமியம்மாள்கூடக் கடைசியில் சிரித்துவிட்டாள்.

“மாக்கான், மாக்கான்!” என்றார் விநாயகம், சாப்பிடுங்கள் என்று கையை ஆட்டி. அப்புறம் எதிரே பாயில் வந்து உட்கார்ந்துகொண்டு மலாயில் நீளமாக ஏதோ சொன்னார். மருதமுத்து மொழிபெயர்த்தார்.

“எங்க தாத்தா இலையில சாப்பிட்டவரை நடுவுல எழுப்ப மாட்டோம்ங்கிறார். ஆனா சும்மா விட மாட்டாராம். இன்னைக்குப் பொழுதுக்கும் நீங்கதான் தாத்தாவாம். தாத்தாவை ஒரு கேள்வி கேக்கணும்னு ரொம்ப நாளா ஆசையாம். அதுக்குப் பதில் சொல்லிட்டுத்தான் எழுந்திருக்கணுமாம்.”

“ம்?” என்றார் சேதுராமன்.

“அந்தக் கதவண்டை இருக்கிற இரும்பு உருண்டை. கிணறு தோண்டும்போது தாத்தாதான் எடுத்து வச்சாராம். அது என்னா, யாரோடது, இங்க எப்படி வந்துச்சு? இந்த வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாதாம்.”

கடவுளுக்கு இப்படியா ஒரு விளையாட்டு! வாழ்நாளில் யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், தானாக முன்வந்து இப்படி ஒரு கேள்வி கேட்கமாட்டாரா என்று ஏங்கிய மனிதர் அவர். இன்றைக்குக் குடும்பமே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எழுந்து போக யாருக்கும் அவசர வேலை இல்லை. ஆனால் வாசலில் இன்னும் வெயில் இருந்தது. விளக்கு வைக்க நேரமாகவில்லை.

சேதுராமன் வாயைத் திறந்தார், மூடினார். ஜன்னல், அலமாரி, பரண், கரையான் எல்லாம் கண்முன் வந்து போயின. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. மறுபடி திறந்தார். ஒரு கோழித் துண்டை எடுத்து வாயை அடைத்துக்கொண்டார். அவர் பட்ட பாட்டைப் பார்த்து விநாயகம் பயந்துபோய்த் தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

“அது பீரங்கிக் குண்டுங்க” என்றது ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். சாரதாம்பாள்!

“அவர் இன்னைக்குப் பேச மாட்டார். நான் சொல்றேன். மருதமுத்து அண்ணே, நீங்க அவங்களுக்குச் சொல்லுங்க. இந்த ஊரை முதல்ல பிடிச்சது போர்த்துகீசியக்காரங்க. கோட்டை கட்டினதும் அவங்கதான், ஜப்பான்காரங்க இல்லே. நூத்தி முப்பது வருஷம் கழிச்சு டச்சுக்காரங்க வந்தாங்க. நேரா கோட்டை மேல மோதலை. வடக்கால இறங்கி, தெங்கேராப் பக்கம் பீரங்கியை நிறுத்தி, மாசக்கணக்கா முற்றுகை போட்டாங்க. உள்ள இருந்தவங்க எலியைக்கூட விடாம தின்னாங்களாம், பாவம்.”

மருதமுத்து மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தார். விநாயகம் அவர் தொடையில் தட்டி, சொல்லு சொல்லு என்றார்.

சேதுராமனுக்குக் கைச்சோறு கையிலேயே நின்றது. செஞ்சியில், வேலூரில், திண்டுக்கல்லில், கப்பலில், வீட்டில், வெற்றிலை மடித்துக்கொண்டும் கீரை ஆய்ந்துகொண்டும் காதிலேயே வாங்காதவள் போல இருந்தாளே! ஒன்று விடாமல் வாங்கியிருக்கிறாளே! பெருமையில் அவருக்கு நெஞ்சு விம்மியது. டச்சுக்காரன் குண்டு என்று சொல், சொல் என்று கண்ணாலேயே ஜாடை காட்டினார்.

“டச்சுக்காரன் சுட்டதுன்னு நினைப்பாங்க” என்று புருஷனை ஒரு பார்வை பார்த்தாள் சாரதாம்பாள். “அது தப்பு. இந்தக் காஜா பெராங் தெங்கேராவை ஒட்டின இடம். டச்சுக்காரன் இந்தப் பக்கம் நின்னான். கோட்டை அந்தப் பக்கம். அப்ப இந்தப் பக்கம் வந்து விழுந்த குண்டை யார் சுட்டிருப்பா? கோட்டைக்குள்ள இருந்த போர்த்துகீசியக்காரன்தானே?”

சேதுராமன் யோசித்தார். மறுபடி யோசித்தார். ஐயோ, ஆமாம்! இவ்வளவு புத்தகம் படித்து என்ன புண்ணியம்?

விநாயகம் குண்டைப் புதுசாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். சாரதாம்பாளுக்குக் கைகூப்பினார். பிறகு குண்டை எடுத்துத் துடைத்து, மறுபடி அதே கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். அதை எடுத்துவிட்டால் கதவு அடித்துக்கொள்ளுமே!

வெயில் தாழ்ந்தது. சிவகாமியம்மாள் வாசல் மாடத்தில் விளக்கு ஏற்றினாள். சாரதாம்பாள் சிரித்தாள். “சரி, ஜெயிச்சுட்டீங்க. இப்பப் பேசுங்க.”

எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். சேதுராமன் தொண்டையைக் கனைத்தார். சொல்ல ஒரு வார்த்தை மிச்சம் இல்லை. எல்லாவற்றையும் அவளே சொல்லிவிட்டாள், அதுவும் சரியாக. அசடு வழிய எழுந்து, கைகழுவி, சுருட்டைத் திருப்பிக் கொடுத்து, விடைபெற்று வாசலில் இறங்கினார். அங்கேதான் பந்தயம் கட்டிய பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை வந்தது.

“என் செருப்பைக் காணோமே!”

மருதமுத்து தேடினார். விநாயகம் தேடினார். குடும்பமே படிக்கட்டைச் சுற்றிக் குனிந்து தேடியது. அங்கே இருந்ததெல்லாம் யாருடையதோ ஒரு ஜோடி புதுத் தோல் செருப்புதான். சாரதாம்பாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்திருந்தாள்.

“ஏங்க, காலையில அந்தத் தவுக்கே உங்க காலைப் பிடிச்சு மாட்டிவிட்டாரே, அது என்னன்னு நினைச்சீங்க? அப்பலேர்ந்து அதைத்தானே போட்டுட்டு நடக்கறீங்க! உங்க பழைய பிஞ்ச செருப்பு பையில இருக்கு. அதையும் நீங்கதான் தூக்கிட்டு வரீங்க.”

சேதுராமன் ஒரு செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். உள்ளங்கால் படும் இடத்தில் தோலை மடித்து மேடு வைத்து ஒட்டியிருந்தது.

“தட்டைப் பாதத்துக்கு அப்படி வச்சா வலிக்காதாம். நாளைக்குக் கோட்டை மேட்டுல ஏறணுமே” என்றாள்.

“காலையிலேயே வாங்கிட்டியா? நான் ஜெயிப்பேன்னு அப்பவே எப்படித் தெரியும்?”

“ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன? எப்படியும் நான் வரத்தானே போறேன்.”

அவர் குனிந்து பார்க்காமலே செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டார். நாள் முழுக்க இவள் கேட்டதற்கெல்லாம் ‘ம்’ போட்டிருக்கிறோம், எந்த நிறத்துக்குப் போட்டோம் என்றுகூடத் தெரியவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. ரொம்பவே வெட்கமாக இருந்தது.

“சாரதா, தையல் மெஷினை ஜன்னல் பக்கமே போட்டுக்க.”

“நீங்கதான் தோக்கலையே! அப்புறம் அலமாரி?”

“பரண்ல ஏத்திடலாம். எல்லாம் உனக்குத்தான் மனப்பாடமா இருக்கே. சந்தேகம் வந்தா உன்னைக் கேட்டுக்கறேன்.”

“முதல்ல செருப்பைக் கால் மாத்திப் போடுங்க” என்றாள் சாரதாம்பாள்.

அவர் மாற்றிப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். “கெபாயா ஓரத்தை எப்படித் தைக்கறாங்க? சொல்லேன்” என்று கேட்டார். அவள் ஒரு நிமிஷம் அவரை நம்பாமல் பார்த்துவிட்டு, சொல்ல ஆரம்பித்தாள். செமாபோக் வந்து சேரும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை.